வேண்டாம் என்றவர்கள் வைத்திருந்த பிரதி

எங்கள் திருமண சேவை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே பல்லுப் பிடுங்குகிறார்கள், மேலே கலியாணம் பேசுகிறோம். படியிறங்கி வருகிறவர்களின் முகத்தை மட்டும் பார்த்து அவர்கள் எந்த மாடியிலிருந்து வருகிறார்கள் என்று சொல்வது கஷ்டம்.

பதினெட்டு வருடத்துக்கு முன் தட்டச்சுக்காரியாக அங்கே சேர்ந்தேன். தட்டச்சு இயந்திரம் போய் கொம்பியூட்டர் வந்தது. கொம்பியூட்டர் ஒன்று நான்கானது. நான்கிலும் வைரஸ் வந்தபோது திருத்த வந்தவர் தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு, வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டே போனில் வீடியோக்களைப் பார்த்து நானாகப் படித்தேன். கொம்பியூட்டரைப் பற்றி ஒரு வகுப்புக்கும் போகவில்லை, ஒரு சேர்ட்டிபிகேற்றும் கிடையாது. ஆனால் ஐயா வருகிறவர்களுக்கெல்லாம் என்னை "எங்கட சிஸ்டம் மிஸ்" என்றுதான் அறிமுகப்படுத்துவார். ஐயா என்றால் சேவையின் உரிமையாளர். தபால் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடிதம் கொடுத்த கை சும்மா இருக்காது, சாதகம் கொடுக்கத் தொடங்கிவிட்டது என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கலியாணம் சரிவந்துவிட்டால் அந்த இரண்டு பேரின் சாதகமும் கந்தோரில் இருக்கக் கூடாது. பேசி முடித்த பெண்ணின் சாதகத்தை வேறு யாரும் எடுத்துப் பொருத்தம் பார்த்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவருடைய நம்பிக்கை. காகித காலத்தில் இரண்டு பிரதியையும் மடித்து, ஒரு பூவும் வைத்து, ரயில் பாதையைக் கடந்து கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டு வருவார். கொம்பியூட்டர் வந்த பிறகு "டிலீட் பண்ணுமன்" என்பார். ராகு காலம் பார்த்துத்தான் டிலீட். ராகு காலத்தில் கலியாணம் கட்டாதவர்களைப் பார்த்திருப்பீர்கள், ராகு காலத்தில் டிலீட் பட்டனைத் தொடாத கந்தோர் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான்.

வெளிநாட்டுப் பதிவுகள் பெருகி, சாதகம், படம், கூடவே குடும்பமே கோயிலில் நின்று எடுத்த வீடியோ என்று நிறைய வரத் தொடங்கியதும் நாலு கொம்பியூட்டரிலும் இடம் போதவில்லை. முதலில் ஒரு கொம்பனியிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்தார். எங்களுக்கு 'சான்' தேவை என்றார். சான் என்றால் சேமிப்புக்கென்றே தனியாக ஒரு வலையமைப்பு. சேர்வர்களும் டிஸ்க்குகளும் மட்டும் பேசிக்கொள்ள ஒரு தனிப் பாதை. பெரிய கலியாண மண்டபத்தில் சமையல்காரர் சாப்பாடு கொண்டுபோகப் பின்பக்கமாக ஒரு வழி இருக்கும், விருந்தினர் கால் படாது. அப்படித்தான் இதுவும் என்று நான் ஐயாவுக்கு விளக்கினேன். எங்கள் வீட்டில் சாப்பிடுகிறது நாலு பேர், அதுக்கு என்னத்துக்குப் பின்வழி என்று ஐயா கேட்டார். கழுத்துப்பட்டிக்காரர் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு நான் புறக்கோட்டைக்குப் போய், கொம்பியூட்டர்ச் சாமான் விற்கும் முஸ்லிம் அண்ணர் ஒருவரிடம், நானா என்றுதான் கூப்பிடுவோம், ஒரு 'நாஸ்' வாங்கி வந்தேன். நாஸ் என்பது வலையமைப்பில் வைத்த அலுமாரி. அவ்வளவுதான். நாலு மேசையிலும் இருப்பவர்கள் எழுந்து போகாமலே அதைத் திறந்து எடுக்கலாம், வைக்கலாம். உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவதெல்லாம் அந்தக் கணமே மற்றதிலும் எழுதப்படும். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது உயிரோடு இருக்கும். இதற்குப் பெயர் 'மிரர்', கண்ணாடி. கேட்ட உடனே எனக்குப் பெரிய நிம்மதி. இனிப் பயமில்லைத்தானே என்று கேட்டேன். நானா பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"தங்கச்சி, கண்ணாடி வேற, பெக்கப் வேற. நீங்க மூக்குத்தியக் கழட்டினா கண்ணாடிக்குள்ள ஈக்கிறவவும் கழட்டுவா. அவ உங்களுக்குப் புத்தி சொல்ல மாட்டா."

அந்த வசனத்துக்காகவே இன்னொரு டிஸ்க்கும் வாங்கினேன். அது வெளியே கழற்றி எடுத்துப் போகும் டிஸ்க். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் அதில் பிரதி எடுத்து, கந்தோருக்கு வெளியே வேறொரு இடத்தில் வைக்க வேண்டும், கட்டடத்தில் தீப்பிடித்தாலும் அது தப்பும். அந்த வேறொரு இடம் தெஹிவளையில் ஐயாவின் வீடு என்று முடிவானது.

இந்தச் சொற்களையெல்லாம் எங்கள் கந்தோரில் விளங்கப்படுத்த நான் கஷ்டப்படவே இல்லை. கலியாணத் தரகில் இருப்பவர்களுக்கு அவை பிறவியிலேயே தெரியும். 'ஹொட் ஸ்பெயர்' என்று ஒன்று உண்டு: ஓடுகிற டிஸ்க் பழுதானால் அந்த இடத்தை உடனே நிரப்ப, மின்சாரம் கொடுத்துத் தயாராக வைத்திருக்கும் இன்னொரு டிஸ்க். இதைச் சொன்னதும் வரவேற்பில் இருக்கும் அக்கா, லண்டன் மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டே கனடா மாப்பிள்ளைக்கும் தினமும் குட்மோர்னிங் அனுப்பும் தாய்மார் பதினைந்து பேரின் பெயரைச் சொன்னா.

அடுத்தது 'டியரிங்', தட்டுத் தட்டாகப் பிரித்து வைப்பது. அடிக்கடி தேடுபவை வேகமான டிஸ்க்கில், யாரும் தேடாதவை மெதுவான மலிவான டிஸ்க்கில். ஐயா ஒரு முழுப் பகலும் இருந்து தன் கையாலேயே பட்டியல் போட்டார். டொக்டர், எஞ்சினியர், வெளிநாட்டுப் பிரஜாவுரிமை உள்ளவர்கள் வேகமான டிஸ்க். முப்பத்தைந்து தாண்டிய பெண்கள், தலைமயிர் கொட்டின ஆண்கள், செவ்வாய் தோஷக்காரர் மெதுவான டிஸ்க். ஆங்கிலத்தில் இந்த இரண்டாவது தட்டுக்குக் குளிர்ந்த தட்டு என்று பெயர் என்றேன். "மெய்தானே, கை வைச்சால் தெரியும்" என்றார். ஒரே படம் இரண்டு தடவை இருந்தால் ஒன்றை நீக்கி இடம் மிச்சப்படுத்தும் வசதியும் இருந்தது. அதை ஓடவிட்டபோது ஒரு பெண்ணின் படம் மூன்று பதிவுகளில் அகப்பட்டது. மூன்றிலும் பிறந்த வருடம் வேறு வேறு. மெஷின் படத்தை ஒன்றாக்கியது. வயதில் கை வைக்கவில்லை. அந்த மரியாதை அதற்கும் தெரிந்திருந்தது.

ஒரு விஷயத்தில்தான் ஐயா மிரண்டார். நாஸ் ஒவ்வொரு நாளும் தன்னைத்தானே ஒரு 'ஸ்னாப்ஷொட்' எடுத்துக்கொள்ளும். இன்றைய நிலவரம் இதுதான் என்று ஒரு படம் பிடித்து வைப்பது போல. ஏதாவது தவறாக அழிந்துவிட்டால் நேற்றைய ஸ்னாப்ஷொட்டுக்குப் போய் மீட்கலாம். முப்பது நாள் பின்னுக்குப் போகலாம் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப கலியாணம் முடிஞ்ச பிள்ளையளின்ர சாதகம் இன்னும் உள்ளுக்கை கிடக்குதோ?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. கடலில் விட்ட சாதகம் நடந்து திரும்பி வந்து கதவைத் தட்டின மாதிரி நின்றார். அன்றிலிருந்து கட்டளை: ஒரு சாதகத்தை அழித்தால் அன்றைக்கே எல்லா ஸ்னாப்ஷொட்டையும் அழிக்க வேண்டும். இது பிழை, சீற்பெல்ட்டை அறுத்துவிட்டுக் கார் ஓடுகிற வேலை என்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லவில்லை. சம்பளம் தருகிறவருக்கு மூன்றாம் தரம் சொல்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் எங்களிடம் ஆறு வருடமாக வருகிறா. கணவர் இல்லை, ஒரே மகள். மகளுக்கு முப்பத்துநாலு, கொட்டாஞ்சேனையிலேயே ஒரு பாமசியில் மருந்தாளர். முன்பு கொலன்னாவையில் வாடகைக்கு இருந்தபோது வெள்ளம் வந்து வீட்டுச் சாமான்களோடு மகளின் சாதகக் கொப்பியும் போய்விட்டது. அதற்கு முன்பே நாங்கள் அதை ஸ்கான் பண்ணி வைத்திருந்தோம். தாய் நம்பியிருந்தது எங்கள் பெட்டிக்குள் இருந்த அந்த ஒரு பிரதியைத்தான். வேறொன்று எழுதுவிக்கவும் வழியில்லை. பிறந்த நேரம் தாய்க்கு ஞாபகமில்லை. பிறந்தது யாழ்ப்பாணத்தில், ஷெல் விழுந்துகொண்டிருந்த நாளில். மணிக்கூடு பார்த்தவர் தகப்பன், அவர் இல்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் நேரம் எழுதுவதில்லை.

இந்த வருடம் ஒரு நல்ல இடம் விசாரித்து வந்தது. மாப்பிள்ளை வத்தளையில் இருப்பவர், துறைமுகத்தில் வேலை. படம் பார்த்து, குடும்பம் விசாரித்து, எல்லாம் சரி என்றார்கள். அந்தச் சந்தோஷத்தில் தாய் வந்து மகளின் பதிவைப் புதுப்பிக்கும் படிவத்தை நிரப்பி வரவேற்பில் கொடுத்தா. கொடுக்கும் முன் கைப்பையிலிருந்து மஞ்சள் தூள் மடித்த ஒரு சின்னச் சரையை எடுத்து, படிவத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் பூசினா. நல்ல காரியத்துக்குப் போகும் காகிதத்துக்கு யாரும் செய்வதுதான்.

எங்கள் கந்தோரில் படிவத்தில் மஞ்சள் பூசுகிறவர் ஐயா மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். கலியாணம் சரிவந்தால் அவர் மூலையில் மஞ்சள் பூசி என் தட்டில் போடுவார். அது அழிக்கச் சொல்லும் உத்தரவு. என் தட்டில் மஞ்சளோடு மூன்று படிவம் கிடந்தது. ராகு காலம் முடியும்வரை காத்திருந்து மூன்றையும் அழித்தேன். கண்ணாடி கண்ணாடியின் வேலையைச் செய்தது. ஸ்னாப்ஷொட் எல்லாவற்றையும் துடைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமை வத்தளையிலிருந்து அழைப்பு. மாப்பிள்ளையின் தாய். திங்கட்கிழமை தங்கள் சாத்திரியார் வருகிறார், அதற்குள் பெண்ணின் சாதகம் வேண்டும், வராவிட்டால் தாங்கள் பார்த்து வைத்திருக்கும் மற்றப் பெண்ணின் சாதகத்தை அவரிடம் கொடுத்துவிடுவோம் என்றா. ஹொட் ஸ்பெயர் தயாராக இருந்தது. நான் கொம்பியூட்டரில் பதிவு இலக்கத்தை அடித்தேன். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு அந்தப் படிவத்தின் நாலு மூலை ஞாபகம் வந்தது. ஐயா ஒருநாளும் நாலு மூலைக்குப் பூசுவதில்லை, ஒரு மூலைதான்.

வெளியே வைத்த டிஸ்க் இருக்கிறதே என்று ஐயாவை ஓட்டோவில் அனுப்பி எடுப்பித்தேன். சொருகிப் பார்த்தால் உள்ளே அவருடைய பேத்தி பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டு வீடியோ. ட்ரோன் கமராவில் எடுத்தது, முழு டிஸ்க்கும் அதுதான். படம் பிடித்தவர்கள் இடம் கேட்டார்களாம், மருமகன் அலுமாரியில் சும்மா கிடந்த டிஸ்க்கைத் துடைத்துக் கொடுத்தாராம். பிள்ளை பல்லக்கில் வருவது மேலேயிருந்து நன்றாகத்தான் தெரிந்தது. புறக்கோட்டை நானாவுக்குப் போன் எடுத்தேன். அழித்த பிறகு அதே டிஸ்க்கில் புதிதாக நிறைய எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டார். இரண்டு கிழமையாக எழுதுகிறோம் என்றேன். அப்படியென்றால் மீளாது, அல்லாஹ் லேசாக்குவான் என்றார்.

ஐயா என்னை உள்ளே கூப்பிட்டு, சிஸ்டம் பழுதாகிவிட்டது என்று அவர்களுக்குச் சொல்லும்படி சொன்னார். இந்த நாட்டில் அந்த வசனத்துக்கு யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை என்பது உண்மைதான். வங்கியில் சொல்கிறார்கள், அரசாங்கக் கச்சேரியில் சொல்கிறார்கள், நாமும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாள் போகிறோம். ஆனால் சிஸ்டம் மிஸ் நான். பழுதானது என் கையா, பெட்டியா என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலை தாயும் மகளும் வந்தபோது, மஞ்சளைப் பார்த்து நான்தான் அழித்தேன், பிழை என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

தாய் என்னை ஏசவில்லை. மஞ்சள் பூசியது தன் கைதானே என்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மகள்தான் கேட்டா:

"அக்கா, ஆறு வருஷமா நீங்கள் என்ர சாதகத்தை எத்தினை இடத்துக்கு அனுப்பினீங்கள்?"

அதற்கு எங்களிடம் பதில் இருந்தது. ஐயா தபால் கந்தோர்ப் பழக்கத்தில், எந்தச் சாதகம் எந்த வீட்டுக்கு எப்போது போனது என்று, போன் இலக்கத்தோடு, பதிவுத் தபால் மாதிரி ஒரு கொப்பியில் கையால் எழுதி வைப்பார். கொம்பியூட்டர் வந்த பிறகும் விடவில்லை. கொப்பியைப் புரட்டினோம். பதினாலு வீடு. பதினாலும் வேண்டாம் என்றவர்கள்.

எனக்கு வீடியோவில் ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை. ஒரே தரவு பதினாலு வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு கட்டடத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல். பெரிய கொம்பனிகள் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்கிற காரியத்தை, ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே எங்கள் சனம் சும்மா செய்து வைத்திருந்தது.

நானே போன் எடுத்துக் கேட்கிறேன் என்றேன். மகள் விடவில்லை. கந்தோர்ப் போனை இழுத்து வைத்துக்கொண்டு, கொப்பியில் விரலை வைத்து, முதல் வீட்டுக்கு அடித்தா.

"வணக்கம் அன்ரி. ஆறு வருஷத்துக்கு முந்தி என்ர சாதகம் உங்களிட்ட வந்தது. வேண்டாமெண்டு சொன்னனீங்கள். இல்லையில்லை, அது பரவாயில்லை. அந்தப் பேப்பர் இன்னும் கிடக்குதோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் வீட்டுக்காரி, மகன் கட்டிவிட்டான் பிள்ளை, மனதை விடாதே என்று ஆறுதல் சொன்னா. இரண்டாம் வீடு போனை வைத்துவிட்டது. மூன்றாம் வீட்டில் பிரதியை எங்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அப்படித் திரும்பி வருகிற பிரதிகளையும் ஐயா கடலில்தான் விடுவார். நாலாம் வீட்டில் வட்ஸ்அப்பில் இருந்ததாம், போன் மாற்றியதில் போய்விட்டதாம். ஐந்தாம் வீட்டில் மாப்பிள்ளையே எடுத்தார், அம்மா உங்களை வேண்டாம் என்று சொன்னது தனக்கு இப்போதுதான் தெரியும் என்றார். அவருக்கு இவ நன்றி சொல்லிவிட்டு ஆறாவதுக்குப் போனா. ஒவ்வொரு அழைப்பிலும் அதே வசனம், அதே குரல். மருந்துச் சிட்டையில் நாளுக்கு எத்தனை தரம் என்று சொல்கிற குரல்.

ஒன்பதாவது வீடு கொட்டாஞ்சேனை. இலக்கத்தை அவ அடையாளம் கண்டா. அது தன்னுடைய பாமசிக்கு மாதாமாதம் பிரஷர் குளிசை எடுக்க வருகிற அம்மாவின் இலக்கம். மருந்துப் புத்தகத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிவிட்டதாம். நாலு வருடமாக வந்து போகிறா, இந்தச் சாதகத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. பெண் பார்க்கும் விஷயம் வெளியே வராமல் இருக்க ஐயா பெண்வீட்டுக்கு இலக்கத்தைக் கொடுப்பதில்லை, அதனால் இவவுக்கும் தெரியாது.

அந்த அம்மாவிடம் இருந்தது. மகனுக்கு வந்த எல்லாச் சாதகத்தையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டி அலுமாரியில் வைத்திருந்தா. "எறிய மனம் வரேல்லை பிள்ளை, பொம்பிளைப் பிள்ளையளின்ர சாதகமல்லோ" என்றா. தாயும் மகளும் நானும் ஓட்டோவில் போய் எடுத்தோம். அந்த அம்மா வாசலிலேயே நின்று தந்தா, இனிக் குளிசையை வேறு கடையிலா எடுக்க வேண்டும் என்ற யோசனை முகத்தில் தெரிந்தது. இவ, அடுத்த மாதக் குளிசை வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினா.

பிறந்த நேரம் தெளிவாக இருந்தது. இராசிச் சக்கரம் முழுதாக இருந்தது. கூடவே ஓரத்தில் நீலப் பேனையால் குறிப்புகளும் இருந்தன. மற்றவர்களுக்கு அந்தக் கிறுக்கல் விளங்கியிராது. டொக்டர்மாரின் எழுத்தை வாசிக்கிற கண் அவவுக்கு. ஓட்டோவிலேயே சத்தமாக வாசித்தா: உயரம் காணாது. நிறம் மட்டு. சொந்த வீடில்லை. நின்று செய்யும் வேலை, பிறகு கால் வருத்தம் வரும். பல்லு நல்லம்.

தாய் மறுபக்கம் திரும்பி வீதியைப் பார்த்தா. கந்தோருக்கு வந்து ஸ்கான் பண்ணியதும், ஐயா திரையைப் பார்த்துவிட்டு ஓரத்தை வெட்டிவிடும்படி எனக்குச் சைகை காட்டினார். மகள் கண்டுவிட்டா.

"அப்பிடியே அனுப்புங்கோ ஐயா. அவையளும் இதைத்தான் எழுதப் போகினம். நேரம் மிச்சம்."

ஐயா என்னைப் பார்த்தார். நான் மூன்றாம் தரம் சொல்லும் பழக்கத்தை அன்றைக்குத்தான் தொடங்கினேன்: இனி ஸ்னாப்ஷொட் முப்பது நாளும் இருக்கும், யார் கட்டியிருந்தாலும் இருக்கும் என்றேன். சரி என்றார். பிறகு ஓரம் வெட்டாமல் வத்தளைக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை பின்னேரம் மாப்பிள்ளையின் தாய் எடுத்தா. பொருத்தம் நல்லதாம், சாத்திரியாருக்குத் திருப்தியாம். அந்தக் கால் வருத்தம் மட்டும் உண்மையோ என்று விசாரித்துச் சொல்லச் சொன்னா. நான் அதை அப்படியே கொட்டாஞ்சேனைக்குப் போன் எடுத்து மகளிடம் சொன்னேன். அங்கிருந்து கொஞ்ச நேரம் சிரிப்புத்தான் கேட்டது. பிறகு, வந்து பார்க்கச் சொல்லுங்கோ, கடை திறந்துதான் இருக்கும் என்றா.

வெள்ளிக்கிழமை தாயும் மகனுமாகப் பாமசிக்கே போயிருக்கிறார்கள். வரிசையில் நின்றார்களாம். அரை மணித்தியாலத்தில் மாப்பிள்ளையின் தாய்க்குத்தான் கால் நொந்து, இவ உள்ளேயிருந்து கதிரை எடுத்துப் போட்டாவாம். அந்த மனுஷி உட்கார்ந்துகொண்டு கடை, வாடகை, லீவு எல்லாம் விசாரித்தா. மகன் கேட்டது ஒன்றுதான். போகும்போது, எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று கேட்டாராம்.

"ஏழு மணியெண்டு சொன்னனான் அக்கா" என்று அடுத்த நாள் எனக்குப் போனில் சொன்னா. "பேந்து, முகம் கழுவ வேணுமெண்டு ஆறரைக்கே பூட்டியிட்டன்."